ஞாயிறு கூட்டத்தில் தேர்தலும் சினிமாவும் தவிர என்ன பேசலாம்?

ராயபுரத்தான்:
நாங்கள் பத்துப் பேர், மூன்று வருடமாக ஞாயிறு சாயங்காலம் மொட்டை மாடியில் கூடிப் புத்தகம் பேசுகிறோம். எதை எடுத்தாலும் அரை மணி நேரத்தில் பேச்சு தேர்தலிலோ சினிமாவிலோ போய் நிற்கிறது. அதே ஆட்கள், அதே கோபம். கல்வெட்டியல், ஊர்ப்பெயர் ஆய்வு, கடற்கரைப் புவியியல் என்று யாரும் எட்டிப் பார்க்காத துறைகள் எத்தனையோ இருக்கின்றன, அதிலிருந்து ஏதாவது கொண்டுவர ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பெரம்பூர் பாலம்:
நாங்கள் பட்டதைச் சொல்கிறேன். கல்வெட்டியல் பேச ஒருவரைக் கூப்பிட்டோம். அறுபது ஸ்லைடு! பஜ்ஜி வருவதற்குள் பாதிப் பேர் காலி. துறையின் பெயரைச் சொன்னாலே வகுப்பறை நெடி வந்துவிடும், கேள்வியோடு ஆரம்பியுங்கள். எங்கள் பக்கத்தில் முன்பு ஓடிய துணி ஆலையை வைத்து, 'பி அண்ட் சி மில் சங்கு ஊதினால் உங்கள் வீட்டில் என்ன நடக்கும்?' என்று ஒரு தாத்தாவிடம் கேட்டோம், இரண்டு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய கதையும் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

காசிமேட்டுக்காரன்:
ராயபுரத்தில் இருந்துகொண்டு கேள்விக்குப் பஞ்சமா தோழர்? மெரினாவில் அவ்வளவு மணல், நமக்கு மட்டும் ஏன் கருங்கல் சுவர்? இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்தார்கள், மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது, வடக்கே வரவேண்டியது வராமல் கடல் நம் பக்கத்தைத் தின்றது, அதைத் தடுக்கத்தான் இந்தக் கருங்கல் சுவர். கடற்கரைப் புவியியலில் இது பாலபாடம். அந்தப் பெயரே தெரியாத என் அப்பா, "தெண்டி வெள்ளம் கொண்டுபோகும், வன்னி வெள்ளம் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும்" என்பார். தெண்டி என்றால் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம், வன்னி வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது.

வியாசை:
சரி, ஆனால் பெரியவர் சொன்னதும் கைதட்டிக் கலைந்தால் அதுவும் சினிமாதான். பழைய கடற்கரை வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வையுங்கள், அவர் சொல்வதும் அதுவும் எங்கே ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள்.

ராயபுரத்தான்:
வரைபடத்துக்கு நான் பொறுப்பு. தோழர், அப்பா மாடிக்கு வருவாரா?

காசிமேட்டுக்காரன்:
மாட்டார், முட்டி வலி. நீங்கள் விடியற்காலை ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகம் வாருங்கள், வலை பின்னிக்கொண்டே பேசுவார். மைக் மட்டும் வேண்டாம், மைக்கைப் பார்த்தால் அவரும் தேர்தல் பேச ஆரம்பித்துவிடுவார்.