மனித உருவ ரோபோவுக்கு இத்தனை பணம் கொட்டுவது சரியா?

நட்டுபோல்ட்: மனித உருவ ரோபோ செய்யும் ஸ்டார்ட்அப்களுக்குப் போகும் பணத்தைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஃபிகர் என்ற அமெரிக்க நிறுவனம் 2022-இல் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் அதன் மதிப்பு 260 கோடி டாலர். 2025 செப்டம்பரில் 3,900 கோடி டாலர். பத்தொன்பது மாதத்தில் பதினைந்து மடங்கு! ரோபோவும் அந்த அளவுக்கு வேலை கற்றுக்கொண்டதா? ஆலையில் ரோபோ கைகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். 1961-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலைக்கு யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ வந்த நாளிலிருந்து, தரையோடு போல்ட் போட்டு முடுக்கிய ஒற்றைக் கைதான் உழைத்து வருகிறது. அதற்குத் தலையும் காலும் எதற்கு?

வழிப்போக்கன்: அந்த ஒற்றைக் கை படி ஏறுமா நண்பரே? கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போகுமா? படிக்கட்டு, கைப்பிடி, அலமாரியின் உயரம் எல்லாமே மனித உடம்பை அளந்து வைத்தவை. கட்டடத்தை இடித்துக் கட்டுவதைவிட, இருக்கிற கட்டடத்துக்குப் பொருந்தும் இயந்திரத்தைச் செய்வது மலிவு. மனித உருவ ரோபோ மேடையில் கையசைத்த காலமும் போய்விட்டது. அஜிலிட்டி நிறுவனத்தின் டிஜிட் என்ற ரோபோ, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜிஎக்ஸ்ஓ என்ற சரக்குக் கையாளும் நிறுவனம் நடத்தும் கிடங்கில் 2024 முதல் வாடகைக்கு வேலை செய்கிறது. சக்கர ரோபோ கொண்டுவரும் பெட்டியை எடுத்து கன்வேயரில் வைக்கும். 2025 நவம்பரில் ஒரு லட்சம் பெட்டியைத் தாண்டிவிட்டது.

நட்டுபோல்ட்: அந்த ஒரு லட்சத்தை நாள் கணக்கில் பிரித்துப் பாருங்கள். ஒப்பந்தத்தை அறிவித்தது 2024 ஜூனில். ஏறத்தாழ ஐந்நூறு நாள் என்றால், நாளுக்கு இருநூறு பெட்டி. பழகிய ஆள் ஒருவர் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுவார். டிஜிட்டுக்கு மனிதக் கை மாதிரி ஐந்து விரலும் இல்லை. பெட்டியைப் பிடிக்கத் தெரிந்த பிடிப்பான்தான் இருக்கிறது. அப்புறம் எதை வைத்து 'மனித வேலை' என்கிறோம்?

வழிப்போக்கன்: சராசரி போட்டது அவசரம். புதிய இயந்திரம் முதல் மாதமும் கடைசி மாதமும் ஒரே வேகத்திலா ஓடும்? உங்கள் ஆலையில் புதுக் கை ஒன்றை நிறுவினால் முதல் சில மாதம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். விரல் விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

விரல்நுனி: விரல் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். நரம்பு பாதித்து விரல்நுனியில் உணர்ச்சி இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்கள் தசைக்குப் பலம் இருக்கும், கண் நன்றாகத் தெரியும். ஆனாலும் சட்டைப் பித்தானைப் போட முடியாமல் பத்து நிமிடம் போராடுவார்கள். பித்தான் துளைக்குள் நுழைந்ததா, நழுவுகிறதா என்று சொல்ல வேண்டியது தோல். கண்ணால் அதை ஈடுகட்ட முடியாது. நம் கையில் தொடுதலை உணரும் நுண்ணுறுப்புகள் ஏறத்தாழ 17,000 உண்டு. இந்த ஸ்டார்ட்அப்களில் பல, மனிதர்கள் வேலை செய்யும் வீடியோவைக் காட்டியே ரோபோவைப் பழக்கப் பார்க்கின்றன. வீடியோவில் அழுத்தம் தெரியாதே! வீட்டைச் சுத்தம் செய்யும் ரோபோவுக்குப் பேர்போன ஐரோபாட் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராட்னி புரூக்ஸும் 2025 செப்டம்பரில் இதே வாதத்தை விரிவாக எழுதியிருந்தார்.

வழிப்போக்கன்: அதைச் சரிசெய்யத்தான் விரல்நுனியில் சென்சார் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஃபிகரின் மூன்றாவது மாடல் 3 கிராம் அழுத்தத்தைக்கூட உணரும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது.

விரல்நுனி: உணர்வது ஒரு படி. நழுவத் தொடங்கிய நொடியிலேயே பிடியை இறுக்குவது அடுத்த படி. ஒரு குழந்தைக்கே அதற்குப் பல வருடம் ஆகிறது. முடியவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடமே வீட்டுக்கு வந்து துணி மடிக்கும் என்று விற்காதீர்கள்.

சுமைதாங்கி: எல்லோரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள். நான் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன். இரவில் வலது தோளை வைத்து ஒருக்களித்துப் படுக்க முடியாது. நாளுக்கு இருநூறு பெட்டியைத்தான் அது தூக்கும் என்றால்கூட, எனக்கு இருநூறு குறையும். வரட்டும். கையும் காலும் எப்படி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. என்னை அனுப்பிவிடாமல் இருப்பார்களா என்பதுதான் என் கேள்வி.

நட்டுபோல்ட்: உங்கள் தோளுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் சொன்னதில் அது விடுபட்டுப்போனது. ஆனால் உங்கள் பக்கத்திலேயே ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்பதால் ஒன்று சொல்லியாக வேண்டும். என் ஆலையில் ஏதாவது தப்பாகப் போனால் சிவப்பு பொத்தானை அழுத்துவேன். மின்சாரம் போகும், பிரேக் பிடிக்கும், கை அப்படியே நின்றுவிடும். இரண்டு காலில் நிற்கும் ரோபோவுக்கு மின்சாரத்தை வெட்டினால் அது நிற்காது, விழும். அறுபது எழுபது கிலோ எடை, உங்கள் மேல். அதனால்தான் ஆள் நடமாட்டம் இல்லாத தனி இடத்தில் வைத்து வேலை வாங்குகிறார்கள். இப்படித் தானே சமநிலை பார்த்து நிற்கும் ரோபோக்களுக்கென்று தனிப் பாதுகாப்புத் தரத்தை, சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ இப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறது.

சுமைதாங்கி: இதை எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை.

விரல்நுனி: அனுப்பிவிடுவார்களா என்று கேட்டீர்கள். 1எக்ஸ் நிறுவனம் 2025 அக்டோபரில் நியோ என்ற வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை 20,000 டாலர். அதற்குத் தெரியாத வேலை வந்தால், நிறுவனத்தின் ஆள் ஒருவர் எங்கோ உட்கார்ந்து, கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு, ரோபோவின் கண் வழியே வீட்டைப் பார்த்து அதை இயக்குவார். வீட்டுக்காரர் அனுமதித்தால்தான் அது நடக்கும் என்கிறார்கள். மனித வேலை அங்கே காணாமல் போகவில்லை, திரைக்குப் பின்னால் போயிருக்கிறது. அவருக்கு எவ்வளவு சம்பளம், எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டோமா?

வழிப்போக்கன்: பழக்கும் காலத்துக்கு மட்டும்தான் அது தேவை என்று நினைத்திருந்தேன். எவ்வளவு காலம் என்று எந்த நிறுவனமும் தேதி சொல்லவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. நட்டுபோல்ட், கேட்க வேண்டியதை நீங்களே சொல்லுங்கள். எதைக் காட்டினால் நம்புவீர்கள்?

நட்டுபோல்ட்: எட்டு மணி நேர ஷிஃப்ட் ஒன்று, வெட்டாமல் ஒட்டாமல் முழு வீடியோ. பேட்டரி எத்தனை முறை மாற்றினார்கள், எத்தனை முறை விழுந்தது, தூரத்திலிருந்து ஆள் எத்தனை நிமிடம் இயக்கினார். இந்த மூன்று எண்ணும் வேண்டும். அப்புறம் சுமைதாங்கி அதே கிடங்கில் வேறு வேலையில் இருக்கிறாரா என்பதும்.