புதுப்பிப்பு: தம்பிக்கு உளவியல் சிகிச்சை தொடங்கிவிட்டது

மனச்சிதைவு நோய்க்கு மாத்திரை தவிர உளவியல் சிகிச்சையும் கிடைக்குமா என்று தம்பிக்காகச் சில மாதங்களுக்கு முன் இங்கே கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. ஆனால் நாங்களாக வாய் திறந்து கேட்ட பிறகுதான்.

நீங்கள் சொன்னபடி, பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலை மனநல மருத்துவரிடம் காட்டினேன். சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை குறைந்தது 16 அமர்வு, குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை குறைந்தது 10 அமர்வு என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. யாரும் பேசாமலே காதில் குரல் கேட்கிறவரிடம் பேசி என்ன பயன் என்ற பழைய எண்ணம் இன்னும் போகவில்லை போல, முகத்தைச் சுளித்தார். அப்புறம் பரிந்துரைக் கடிதம் தந்துவிட்டார், சரி. காத்திருப்புப் பட்டியல்தான் பெரிய தலைவலி. இதில் பயிற்சி பெற்ற உளவியலாளர்கள் அவ்வளவு குறைவு.

முதல் அமர்வில், தம்பிக்குக் கேட்கும் குரல் பொய் என்று உளவியலாளர் வாதாடவே இல்லை. "எப்போது சத்தம் கூடுகிறது? அப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, தம்பியையே தாளில் எழுத வைத்தார். தூக்கம் கெட்ட நாட்களில்தான் கூடுகிறது என்று அவனே கண்டுபிடித்தான்.

மாத்திரையும் தொடர்கிறது. நிறுத்தச் சொன்ன அன்பர்களே, அது நடக்காது. குடும்ப அமர்வுக்குத் தேதி இன்னும் வரவில்லை. அம்மாவை அதற்கு எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.