புதுப்பிப்பு: ஆன்டிபயாடிக்கும் கருத்தடை மாத்திரையும்

முந்தைய பதிவில் 'ஆன்டிபயாடிக் எடுக்கும்போது கருத்தடை மாத்திரை வேலை செய்யாது' என்று மொத்தமாகச் சொல்லியிருந்தேன். அது தவறு.

அமாக்சிசிலின், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் எதுவும் மாத்திரையின் பலனைக் குறைப்பதில்லை. அவற்றால் வரும் வாந்திதான் சிக்கல்: கருத்தடை மாத்திரை போட்ட 3 மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் உடனே இன்னொன்று போடுங்கள்.

நிஜமான எதிரி டிபி மருந்தான ரிஃபாம்பிசின். கல்லீரல் நொதிகளை முடுக்கிவிட்டு ஹார்மோனை வேகமாகச் சிதைத்துவிடும். வழக்கமான டிபி சிகிச்சையே 6 மாதம்; நிறுத்திய பிறகும் 28 நாள் அந்தப் பாதிப்பு நீடிக்கும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கும் இதே கதிதான். கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டிக்கு இந்தத் தொல்லை இல்லை. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடுவார்கள்.

ஆன்டிபயாடிக் எடுத்தால் பிறப்புறுப்பில் ஏன் அரிப்பு வருகிறது என்று கேட்டவர்களுக்கு: ஆன்டிபயாடிக் நல்ல கிருமிகளையும் கொல்வதால் பூஞ்சை பெருகுகிறது. திரிந்த பால் போன்ற வெள்ளைப்படுதல், அரிப்பு இருந்தால் வழக்கமாகப் பூஞ்சைக்கான மாத்திரை ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு டோஸ். கர்ப்பிணிகளுக்கு அது வேண்டாம்; பிறப்புறுப்பில் வைக்கும் க்ளோட்ரிமசோல், 7 இரவுகள். மீன் வாடை அடித்தால் அநேகமாகப் பூஞ்சை அல்ல. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.