ஓவர்ஹால் செய்த பத்மினியில் பிளைவீல் போல்ட்டுகள் முறிந்தது ஏன்?

கேள்வி – திருமங்கலத்திலிருந்து

வணக்கம். என் தந்தையார் வாங்கிய பிரீமியர் பத்மினியை, அதே 1089 சி.சி. பெட்ரோல் எஞ்சினுடன் இன்றும் ஓட்டி வருகிறேன். சென்ற ஆடியில் எஞ்சினைப் பிரித்து, சிலிண்டர்களைப் போர் அடித்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைக் கிரைண்டிங் செய்து, அதன் முனையில் போல்ட்டுகளால் பூட்டும் கனத்த சக்கரமான பிளைவீலையும் லேத்தில் சீவிப் பூட்டினோம். ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஐடிலிங்கில் ‘டொக், டொக்’ என்று ஒரு தட்டல் கேட்டது. கிளட்சை மிதித்தால் அடங்கியதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து திரும்பும்போது, செக்கானூரணி தாண்டியதும் சம்மட்டியால் அடித்ததுபோல் ஒரு சத்தம். கட்டி இழுத்து வந்து கியர் பாக்ஸை இறக்கினால், பிளைவீல் போல்ட்டுகளில் மூன்றின் தலைகள், பிளைவீலை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கிற்குள் உருண்டு கிடந்தன. மிச்சத் துண்டுகள் கிராங்கிலேயே நிற்கின்றன. எஞ்சினை இறக்காமல் அவற்றை எடுக்க முடியுமா? கடையில் கிடைக்கும் அதே அளவு போல்ட்டைப் போட்டால் போதுமா?

பதில் – ஓய்வுபெற்ற டர்னர், கே.புதூர்

தம்பி, முதல் கேள்விக்கு விடை எளிது. தலை போனால் இறுக்கமும் போய்விடும். ஆகவே துண்டு பெரும்பாலும் மரையில் தளர்வாகவே நிற்கும். கூரான சிற்றுளியை விளிம்பில் வைத்து, கழற்றும் திசையில் மெல்லத் தட்டினாலே சுழன்று வந்துவிடும். வராவிட்டால் மட்டும் நடுவில் பஞ்ச் வைத்துத் துளைத்து, முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் கருவியான ஈசி-அவுட் போடுங்கள். அது உள்ளே முறிந்துவிட்டால் சாதாரண டிரில் அதில் ஏறாது என்பதால் அவசரப்படாதீர்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சினின் முறுக்கைப் பிளைவீலுக்குக் கடத்துவது போல்ட்டின் உடம்பு அன்று. போல்ட்டுகள் இறுக்கிப் பிடிப்பதால் இரண்டு முகங்களுக்கும் இடையில் உண்டாகும் உராய்வே அதைக் கடத்துகிறது. பிடி தளர்ந்தால் பிளைவீல் நூலிழை அளவு முன்னும் பின்னும் அசையும். வளைத்து வளைத்து நிமிர்த்திய கம்பியைப்போல் போல்ட் சோர்ந்து முறியும். உங்களுக்குக் கேட்ட தட்டல் அதுதான். முறிந்த முகத்தைத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள்: சிப்பி ஓட்டில் இருப்பதுபோல் வரி வரியாக இருந்தால் அது நாள்பட்ட முறிவு.

கேட்டவர்

ஐயா, துண்டுகள் உளிக்கே வந்துவிட்டன. முகத்தில் முக்கால் பங்கு வரிகள்தாம், ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. கிராங்கின் முகத்தில் குங்குமம்போல் சிவப்புப் பொடி படிந்திருக்கிறது. போல்ட் தலைகளுக்கு அடியில் அவை கழலாமல் பிடிக்க இருந்த தகடான லாக் பிளேட் இப்போது இல்லை.

பதில் – பட்டறை நடத்துபவர், மேலூர்

அந்தப் பொடி, இரண்டு முகங்களும் உரசித் துருவானது. லாக் பிளேட் இல்லை என்றால் தலைக்கு அடியில் அதன் கனமும் குறைந்திருக்கும் என்பதால் ஒரு சோதனை செய்யுங்கள். பிளைவீல் இல்லாமல், முறியாத போல்ட் ஒன்றைக் கிராங்கில் கையாலேயே நிற்கும்வரை திருகி, தலைக்கும் கிராங்கிற்கும் இடையில் உள்ள இடைவெளியை வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். பிளைவீலில் போல்ட் உட்காரும் இடத்தின் கனம் அதைவிடக் குறைவாக இருந்தால், போல்ட்டின் மரையில்லாத பகுதி கிராங்கில் முட்டி நின்றுவிடும். குறித்த இறுக்கம் வந்துவிட்டதாக டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ சொல்லும். ஆனால் பிளைவீலை எதுவும் பிடித்திருக்காது.

கேட்டவர்

இடைவெளி 11.5 மில்லிமீட்டர், பிளைவீலின் கனம் 11.2. லேத்தில் கிளட்ச் பக்கத்தோடு கிராங்கில் சேரும் பக்கத்தையும் சீவியிருக்கிறார்கள்.

பதில் – கே.புதூர்

அப்படியானால் 0.3 மில்லிமீட்டரில்தான் எல்லாம் கெட்டது. ஸ்பிரிங் வாஷரைச் செருகிச் சரிக்கட்டாதீர்கள். லாக் பிளேட்டையே தேடி வாங்குங்கள், அதையும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். பழைய போல்ட்டுகளில் முறியாதவையும் சோர்ந்தவைதாம் என்பதால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். தலையில் 10.9 என்ற எண் இருக்கட்டும்: சதுர மில்லிமீட்டருக்கு 1000 நியூட்டன் தாங்கும் எஃகு அது, 8.8 என்றால் 800தான். கடைக்காரர் எடுத்துத் தருவது பெரும்பாலும் பெரிய பிட்ச்சாக, அதாவது மரைகளுக்கு இடையே தூரம் அதிகமானதாக இருக்கும்; அதைக் கிராங்கில் பலவந்தமாக ஏற்றினால் மரை போய்விடும், பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

பூட்டுமுன் கிராங்கின் முகத்தை எண்ணெய்க் கல்லில் லேசாகத் தேய்த்து, மரைகளைப் பெட்ரோலில் கழுவி உலர விடுங்கள். குறுக்குக் குறுக்காக மூன்று சுற்றில் இறுக்குங்கள். டயல் கேஜ் வைத்துப் பிளைவீலைச் சுற்றி, அது தள்ளாடுகிறதா என்று பார்த்த பிறகே கிளட்ச் பிளேட்டைப் பூட்ட எடுங்கள். பிளைவீலை இடம் பிசகாமல் நிறுத்தும் ஊசிகளான டோவல்களின் துளைகள் நீள்வட்டமாகியிருந்தால் அதற்கு மேல் எதையும் பூட்டாமல், கிராங்கோடும் பிளைவீலோடும் ஒருமுறை நேரில் வாருங்கள்.