மசாலாப் பொடித் தொழில் தொடங்க: பதிவு, உரிமம், வரி, எங்கே சிக்கும்?

செக்கடி:
மிளகாய்த் தூள், சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது “ஜிஎஸ்டி எடுக்கணுமா?” என்றுதான். பாதிப் பேர் அதற்கு முன்பே கதவு எண்ணில் மாட்டுகிறார்கள். மின் கட்டண ரசீதில் பழைய எண் 14, சொத்து வரி ரசீதில் புதிய எண் 31, ஆதாரில் இரண்டும் கலந்து 14/31. ஆளுக்கு இது ஒரே வீடுதான். விண்ணப்பத்தைப் பார்க்கிற அதிகாரிக்கு மூன்று வீடு. எதற்கும் விண்ணப்பிக்கும் முன் தொழிலின் பெயரையும் முகவரியையும் ஒரு தாளில் எழுதி, புள்ளி, கமா உட்பட அதையே எல்லாப் படிவத்திலும் போடுங்கள். “ஸ்ரீ” என்று ஒரு இடத்தில், “திரு” என்று இன்னொரு இடத்தில் வேண்டாம்.

தமிழ்நாட்டுக்குள், ஒரே ஆள் உரிமையாளர் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். எந்தப் படிவம், எவ்வளவு ரூபாய், எதனால் திரும்பி வரும் என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்க.

கணக்குப்பிள்ளை:
முகவரியோடு இன்னொன்றும் சேரும். வீடு அப்பா பேரில் இருந்தால், அந்த இடத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த அவர் சம்மதக் கடிதம் கொடுக்க வேண்டும். கூடவே அவருடைய அடையாளச் சான்று, சொத்து வரி ரசீதோ மின் ரசீதோ ஒன்று. ரசீது இன்னும் காலமான தாத்தா பேரிலேயே வருகிறதென்றால் சம்மதம் கொடுக்க ஆளே இல்லை. முதலில் வாரிசுச் சான்றிதழ், பிறகு பெயர் மாற்றம், அதற்குப் பிறகுதான் பதிவு. இந்த ஒன்றுக்காகவே மாதக்கணக்கில் நிற்கிறவர்கள் உண்டு. வாடகை இடம் என்றால் ஒப்பந்தத்தோடு உரிமையாளர் பேரில் அதே மாதிரி ஒரு ரசீது போதும். ஜிஎஸ்டி பதிவுக்கு இதற்கு மேல் அநாவசியமாக ஆவணம் கேட்கக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் எண் 3/2025 அனுப்பியிருக்கிறது. அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் முடிக்க வேண்டியது உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் அரை மணி நேர வேலை, கட்டணம் ஒரு பைசா கிடையாது. ஆதாரோடு இணைத்த செல்பேசி கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும். தேடினால் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் தனியார் தளங்கள், அசோகச் சக்கரமெல்லாம் போட்டு ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் இயந்திர முதலீடு இரண்டரைக் கோடிக்குள்ளும் விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். வீட்டுப் பொடித் தொழிலுக்கு அது தாராளம்.

அந்தச் சான்றிதழ் வங்கியில் உதவும். தனிநபர் தொழிலுக்கு நடப்புக் கணக்கு திறக்க, தொழிலின் பேரில் இரண்டு ஆவணம் கேட்பார்கள். உத்யம் ஒன்று, உணவு உரிமமோ ஜிஎஸ்டியோ இன்னொன்று. இரண்டிலும் பேர் ஓரெழுத்து மாறினாலும் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள்.

கல்லுரல்:
உணவு உரிமத்தைப் பற்றி. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபாஸ்காஸ் தளம்தான், வேறெங்கும் இல்லை. 2011 விதிகள் முதலில் வகுத்த கணக்கு இது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் வரை பதிவு மட்டும், ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் மாநில உரிமம், உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாயில் தொடங்கும். விண்ணப்பிக்கும் நாளில் தளத்தில் என்ன வரம்பு காட்டுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்க, இதெல்லாம் மாறும். கிடைக்கும் எண் 14 இலக்கம். பதிவு என்றால் 2-இல் ஆரம்பிக்கும், உரிமம் என்றால் 1-இல். மொத்தமாக வாங்குகிற கடைக்காரர் முதல் இலக்கத்தைப் பார்த்தே உங்க அளவைத் தெரிஞ்சுக்குவார்.

தவறு நடக்கிற இடம் தொழில் வகை. மிளகாய் வாங்கிக் காயவைத்து அரைத்தால் உற்பத்தி. அரைத்த தூளை மூட்டையாக வாங்கி 100 கிராம் கவரில் போட்டால் மறுபாக்கெட். “ரெண்டும் ஒண்ணுதானே” என்று உற்பத்தியைத் தட்டிவிட்டு, ஆய்வுக்கு வரும்போது வீட்டில் ஒரு அரவை இயந்திரம்கூட இல்லை என்றால் என்ன பதில் சொல்வீங்க? மறுபாக்கெட் என்றால் லேபிளில் அரைத்தவர், பாக்கெட் போட்டவர் இருவர் விவரமும் வரணும். மூட்டை விற்கிறவரிடம் உரிம எண் இல்லையென்றால் அந்தச் சரக்கைத் தொடவே வேண்டாம்.

ஆய்வில் பார்ப்பது கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள்தான். மூட்டை வெறுந்தரையில் கிடக்கிறதா, பலகை மேல் இருக்கிறதா, சுவரோடு ஒட்டி ஈரம் ஏறுகிறதா, அரைத்த தூள் ஆறும் தட்டு மூடியிருக்கிறதா, வேலை செய்கிறவர் தலையுறை, மருத்துவச் சான்று. தூள் சூட்டோடு கவருக்குள் போனால் உள்ளே வியர்த்துக் கட்டி தட்டும், பூஞ்சை வரும். மாதிரி எடுத்துப் போனால் முதலில் தேடுவது சாயம்: மிளகாய்த் தூளில் சூடான், மஞ்சளில் லெட் குரோமேட். நீங்க கலக்கலைன்னாலும் வாங்கின வத்தலிலோ விரலி மஞ்சளிலோ வந்திருக்கலாம். சரக்கு வாங்கின பில்லையும் பேட்ச் எண்ணையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்க, அப்போதுதான் எந்த மூட்டை என்று பின்னோக்கிப் போக முடியும்.

சிலிண்டர் அச்சு:
இந்த இழையில் அதிகம் காசு போவது என் பக்கம்தான், லேபிள். அச்சிட்ட கவருக்கு நிறத்துக்கு ஒரு சிலிண்டர் (அச்சு உருளை) செய்யணும், அதுவும் குறைந்தபட்ச ஆர்டர் கிலோக் கணக்கில். ஒரு வரி தப்பானால் அத்தனையும் குப்பை. அதனால் முதல் ஆறு மாசம் வெறும் கவர், மேலே ஸ்டிக்கர். இது அச்சகத்துக்கு நட்டம்தான், ஆனா சொல்லியாகணும்.

இப்போ 100 கிராம் சாம்பார்ப் பொடி, விலை 48 ரூபாய் என்று ஒரு ஸ்டிக்கரை எடுத்துக்குவோம். எடையை ‘ஜிஎம்எஸ்’ என்று போடக் கூடாது, எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன ‘ஜி’ ஒற்றை எழுத்து, அவ்வளவுதான். முக்கால்வாசி வாடிக்கையாளர் கொண்டு வருகிற வடிவமைப்பில் இது தப்பாகத்தான் இருக்கும். அதிகபட்ச விலை எல்லா வரிகளும் உட்பட என்று சொல்லணும். பக்கத்திலேயே அலகு விலை: ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு, இங்கே 0.48 ரூபாய். பாக்கெட் போட்ட மாதம், ஆண்டு, பேட்ச் எண். “6 மாதத்துக்குள் பயன்படுத்தினால் நல்லது” என்று மட்டும் போட்டு நிறுத்தாதீங்க, காலாவதித் தேதி தனியாகத் தெரியணும். புகார் சொல்லத் தொலைபேசி, மின்னஞ்சல். பச்சைப் புள்ளி. உரிம எண். சேர்பொருட்கள் எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில்.

இன்னொன்று யாரும் நினைக்காதது: பெருங்காயம். கடையில் கிடைக்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ இருக்கும். அது உங்க சாம்பார்ப் பொடியில் போனால் “கோதுமை உள்ளது” என்று ஒவ்வாமை வரியில் வந்தாகணும். டப்பாவைத் திருப்பிப் படிச்சுட்டு வாங்க.

விலை ஏறினதும் பழைய ஸ்டாக் மேல் புது விலை ஸ்டிக்கர் ஒட்டுவது சட்டப்படி குற்றம். குறைச்சு ஒட்டலாம், கூட்டி ஒட்டக் கூடாது.

கணக்குப்பிள்ளை:
அச்சுக்காரர் சொன்னதில் எடை, விலை விஷயமெல்லாம் எடையளவுச் சட்டத்தின் கீழ் வருகிறவை, உணவுத்துறை இல்லை. தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பாக்கெட் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் அங்கே பாக்கெட் போடுபவராகப் பதிய வேண்டும், கட்டணம் 500. உணவு உரிமம் வாங்கியதோடு முடிந்தது என்று இதை விட்டுவிடுகிறவர்களே அதிகம். மின்னணுத் தராசுக்கும் முத்திரை வேண்டும், ஆண்டுதோறும்.

ஃப்யூஸ் கட்டை:
வீட்டு இணைப்பில் அரவை இயந்திரம் ஓட்டுவது பற்றி ஒரு வரி. பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவு, பொருந்தும் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. எப்போதிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்குப் போடுவார்கள். குடிசை, குறுந்தொழிலுக்கு 3ஏ1 என்று தனிக் கட்டணப் பிரிவு இருக்கு. உங்களுக்குப் பொருந்துமா என்று பிரிவு அலுவலகத்தில் உத்யம் சான்றிதழோடு கேட்டுட்டு, தனி மீட்டர் வாங்குங்க.

மஞ்சக்குப்பம்:
அண்ணே, ஜிஎஸ்டிக்கு யாரும் வரலையே. வருஷத்துக்கு 40 லட்சம் வரை வித்தா வேண்டாம்னு சொல்றாங்க, கடலூரில் இருந்து பாண்டிக்குச் சரக்கு அனுப்பினா?

கணக்குப்பிள்ளை:
அங்கேதான் பிடி. பொருள் மட்டும் விற்கிறவருக்கு 40 லட்சம் என்பது மாநிலத்துக்குள் விற்கும் வரைதான். பாண்டிச்சேரி வேறு ஒன்றியப் பிரதேசம், கடலூரிலிருந்து கொஞ்ச நேரப் பஸ் பயணம் என்றாலும் சட்டத்துக்கு அது வெளிமாநில விற்பனை. பத்துப் பாக்கெட் அனுப்பினாலும் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஓசூரிலிருந்து பெங்களூரு, களியக்காவிளையிலிருந்து பாறசாலை, எல்லாம் இதே கதை. கூரியரில் ஒரு கிலோ போனாலும் விலக்கு இல்லை.

இணைய விற்பனைத் தளங்கள் வழியாக விற்றாலும் முன்பு பதிவு கட்டாயமாக இருந்தது. 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வியாபாரி ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கிக்கொண்டு பதிவில்லாமலே விற்கலாம்.

இன்னொரு பொறி அரவைக் கூலி. மெஷின் சும்மா இருக்கிற நேரத்தில் அக்கம்பக்கத்தாருக்கு அரைத்துக் கொடுத்துக் கூலி வாங்கினால் அது சேவை. “பொருள் மட்டும்” என்ற நிபந்தனை உடைகிறது, வரம்பு 40-இலிருந்து 20 லட்சத்துக்கு இறங்கிவிடும். அதுவும் கடைக் கணக்கை மட்டும் பார்ப்பதில்லை. ஒரே பானில் நடக்கிற எல்லாத் தொழிலையும், வீட்டு வாடகை வருமானத்தையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

பதிவு இலவசம். ரெக்-01 படிவத்தின் முதல் பகுதியில் பான், செல்பேசி, மின்னஞ்சல் கொடுத்தால் தற்காலிக எண் வரும், 15 நாள்தான் உயிர். அதற்குள் இரண்டாம் பகுதி, ஆதார் சரிபார்ப்பு. சிலரைக் கைரேகை வைக்க நேரில் வரச் சொல்லி மின்னஞ்சல் வரும். ஐயம் இருந்தால் ரெக்-03 நோட்டீஸ், 7 வேலை நாளுக்குள் பதில் போடாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. இந்த நோட்டீஸ் பலர் கண்ணில் படுவதே இல்லை. காரணம், விண்ணப்பம் போட்டுக் கொடுத்தவர் தன் செல்பேசி எண்ணையும் தன் மின்னஞ்சலையுமே அதில் கொடுத்திருப்பார். உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள், பக்கத்திலேயே உட்கார்ந்து ஓடிபி சொல்லுங்கள். சான்றிதழ் வந்ததும் 30 நாளுக்குள், அல்லது முதல் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்குப் படிவம்) போடும் முன், எது முந்தியோ அதற்குள் வங்கிக் கணக்கைச் சேர்க்காவிட்டால் பதிவு நிறுத்திவைக்கப்படும்.

மஞ்சக்குப்பம்:
காம்போசிஷன் எடுத்தா வேலை குறையுமாமே?

கணக்குப்பிள்ளை:
விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் எளிய முறை அது. வேலை குறையும், வெளிமாநிலக் கதவு மூடிவிடும். விற்றுமுதல் ஒன்றரைக் கோடி வரை எடுக்கலாம், உற்பத்தியாளருக்கு 1 சதவீதம். மூன்று மாதத்தில் 3 லட்சம் விற்றால் 3,000 ரூபாய், சிஎம்பி-08 படிவத்தில் அடுத்த மாதம் 18-க்குள். ஆண்டுக் கணக்கு ஜிஎஸ்டிஆர்-4, ஜூன் 30-க்குள். ஆனால் அந்த 1 சதவீதம் உங்கள் கைக்காசு, வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது, வாங்குகிற கடைக்காரருக்கு உள்ளீட்டு வரியும் (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) கிடைக்காது. வரி வசூலிக்கத் தகுதியில்லாதவர் என்று பில்லின் தலையிலேயே எழுத வேண்டும். பாண்டிக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாலும் தகுதி போய்விடும். மாநிலத்துக்குள் இணையத் தளம் வழியாகப் பொருள் விற்க 2023 அக்டோபர் 1 முதல் தடையில்லை.

சாதாரண முறையில் மசாலாப் பொடிக்கு 5 சதவீதம். வரி நீங்கலாக 3 லட்சம் விற்றால் வசூல் 15,000. கவருக்குக் கொடுத்த 18 சதவீதத்தையும், பில்லோடு வாங்கிய வத்தல், மல்லிக்குக் கொடுத்த 5 சதவீதத்தையும் அதில் கழிக்கலாம். பெரிய கடைகளுக்குப் போடுகிற எண்ணம் இருந்தால் இதுதான் சரி. தெருவுக்குள் விற்பவர் காம்போசிஷனில் இருக்கலாம், அல்லது வரம்புக்குள் இருக்கும்வரை பதிவே இல்லாமல் இருக்கலாம். கௌரவத்துக்காக எண் வாங்குவது வீண்வேலை. வாங்கிவிட்டால் விற்பனையே இல்லாத மாதத்திலும் கணக்குப் போட வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய், ஒரு படிவத்துக்கு உச்சம் 500. விற்பனை இல்லாத மாதத்தின் 3பி என்ற வரிக் கணக்குப் படிவத்தை 14409-க்குக் குறுஞ்செய்தி அனுப்பியே முடிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

வருமான வரிக்கு உத்தேச முறை போதும்: வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம். இதில் முன்கூட்டிக் கட்டும் வரி ஒரே தவணை, மார்ச் 15. உள்ளாட்சியில் வணிக உரிமமும் அரையாண்டுக்கொருமுறை தொழில்வரியும் தனி, அதிகபட்சம் அரையாண்டுக்கு 1,250.

சிலிண்டர் அச்சு:
பேரைப் பற்றி ஒண்ணு விட்டுப்போச்சு. வணிகக்குறிக்கு, மசாலா அடங்கும் 30-ஆம் வகுப்பில் இணையவழி விண்ணப்பம், தனிநபருக்கும் உத்யம் வைத்திருக்கிற சிறுதொழிலுக்கும் 4,500. மத்தவங்களுக்கு 9,000. விண்ணப்பிச்ச கையோடு வட்டத்துக்குள் ‘ஆர்’ போடச் சொல்லிக் கேக்காதீங்க, பதிவாகாமல் அதைப் போடுவது குற்றம். ‘டிஎம்’ போட்டுத் தர்றேன். அதுவும், பேர் வேறொருத்தர்கிட்ட இருக்கான்னு வணிகக்குறித் தளத்தில் இலவசமாத் தேடிப் பார்த்த பிறகு.