நீர்விமானத்தின் அடியில் வெட்டும் ‘ஸ்டெப்’: என் பரிந்துரை ‘குதி’

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நீர்விமானத்தின் ‘ஸ்டெப்’புக்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழை தொடங்கி ஒரு கிழமையாகிறது. நான் இவ்வளவு நாளும் வாசித்தேனே தவிர எழுதவில்லை. சொல்லைப் பற்றி வாய் திறக்கும் முன், பொருளை இன்னொரு தடவை தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தேன். நேற்று விடிய வெள்ளாப்பில் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பக்கம் போட்டுப் பார்த்தாயிற்று.

பிந்திச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் பெயர் தேடுவது, தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே எழும்பும் நீர்விமானத்தின் வயிற்றில் இருக்கும் ஒரு வெட்டுக்கு. உடலின் அடிப்பக்கம் அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) தோணி போல வழவழவென்று வந்து, ஈர்ப்பு மையத்தைச் சற்றுத் தாண்டியதும் சட்டென்று மேலே ஏறும். அங்கிருந்து வால் வரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டே போகும். அந்தச் சட்டென்று ஏறுகிற இடம்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்’. என்னோடு சேர்ந்து கட்டும் பிள்ளைகளும் “சேர், ஸ்டெப் வெட்டியாச்சு” என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் கட்டுவது ரிமோட்டில் ஓட்டும் சிறிய மாதிரி விமானம். என் விமானத்தில் உடலின் அகலம் 110 மில்லிமீற்றர், வெட்டின் உயரம் 10 மில்லிமீற்றர். சுண்டுவிரல் தடிப்புக்கூட இல்லை. ஆனால் அது இல்லாமல் எழும்புவது பெரும்பாடு.

அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். சென்ற வருடம் கட்டிய முதல் விமானத்துக்கு இந்த வெட்டை வைக்கவில்லை. இறக்கை போம் போர்ட்டில், உடல் பழைய மீன் பெட்டி ரெஜிபோமில் (தெர்மோகோல்). (உடலை ஒட்டும்போது அவசரத்தில் சூப்பர் குளூவை விட்டுவிட்டேன். சீனி கரைவது போல ரெஜிபோம் கரைந்து பெருவிரல் போகிற குழி விழுந்தது. புதிதாகச் செய்கிறவர்கள் குளூ கன் பாவியுங்கள், அல்லது எபொக்சி.) இறக்கையின் நீளம் 1200 மில்லிமீற்றர், பெட்டரியோடு மொத்த நிறை 950 கிராம். கையால் எறிந்தால் அருமையாகப் பறந்த விமானம் அது. வாவியில் வைத்து முழு வேகம் கொடுத்தேன். மூக்கு நிமிர்ந்தது, வால் அமிழ்ந்தது, இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறியது, கரையோரமாக உழுதுகொண்டே போனது. எழும்பவில்லை. திருப்பிக் கொண்டுவந்து மறுபடியும் ஓட்டினேன். அப்போதும் அப்படித்தான்.

கச்சான் காற்று கிளம்பும் முன் போய்விட வேண்டும் என்று விடியவே போயிருந்தோம். வாவி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அதுதான் நமக்கு நல்லது என்று நினைத்திருந்தேன். அந்த நேரம் எஞ்சின் பூட்டிய தோணி ஒன்று குறுக்கே போனது. அதன் அலை மெல்ல வந்து விமானத்தின் அடியில் தட்டியதுதான் தாமதம், மூக்கு தாழ்ந்தது, வால் கழண்டது, அடுத்த நொடி விமானம் காற்றில் நின்றது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் நான் ரிமோட்டைப் பிடிக்கவே மறந்துபோனேன். பெரிய நீர்விமானம் ஓட்டுகிறவர்களுக்கும் கண்ணாடித் தண்ணீர் கஷ்டம்தான். முதலில் தண்ணீரிலேயே ஒரு வட்டம் ஓடித் தங்களுக்கு வேண்டிய அலையைத் தாங்களே உண்டாக்கிக்கொண்டு எழும்புவார்கள் என்பதை அதற்குப் பிறகுதான் வாசித்து அறிந்தேன்.

காரணம் எளிது. வளைந்த பரப்பை ஒட்டி ஓடும் தண்ணீர் அந்தப் பரப்பை விட்டு லேசில் விலகாது. அங்கே அமுக்கம் குறையும், விமானத்தின் பின்பாதி கீழே இழுபடும். குழாயில் விழும் தண்ணீரில் கரண்டியின் முதுகை மெல்லத் தொடவிட்டுப் பாருங்கள். கரண்டி தள்ளப்படாது, தண்ணீருக்குள் இழுபடும். அதே சங்கதிதான். வெட்டின் விளிம்பு கூராக இருப்பதால் தண்ணீர் அதைச் சுற்றி மேலே திரும்ப முடியாமல் நேராகப் பின்னுக்குப் போய்விடுகிறது. இடைவெளிக்குள் பக்கத்திலிருந்து காற்று புகுகிறது. பின்பாதி தண்ணீரை விட்டு விடுபடுகிறது. அடியில் பெக்கிங் டேப் ஒட்டும்போது அந்த விளிம்பை உருண்டைப்படுத்திவிடாதீர்கள், பலன் குறைந்துவிடும். அமெரிக்காவில் கிளென் கேர்ட்டிஸ் 1912 இல் தம்முடைய பறக்கும் படகு தண்ணீரை விடாமல் மல்லுக்கட்டியபோது, அடியில் இந்த வெட்டைச் சேர்த்துத்தான் அதை எழுப்பினார். அவருக்கு இரண்டு வருடம் முன்பு, 1910 மார்ச் 28 இல், பிரான்சில் ஹென்றி ஃபாப்ர் முதன்முதலாகத் தண்ணீரிலிருந்து எஞ்சின் விமானத்தை எழுப்பியிருந்தார்.

ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான். தண்ணீர் விட்டுப்போகும் இடம் என்ற எண்ணத்தோடு சொல் இசைந்து போக வேண்டும். குறைந்தது அதற்கு எதிராக நிற்கக் கூடாது.

> “ஸ்டெப் என்றால் படி. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?”

கல்முனை ஐயாவின் கேள்வி நியாயமானது. நானும் முதலில் படி என்றுதான் எழுதி வைத்திருந்தேன். ஆனால் படிதல் என்றால் தமிழில் ஒட்டித் தங்குதல். தூசு படிகிறது, வண்டல் படிகிறது, கறை படிகிறது. தண்ணீர் ஒட்டக் கூடாது என்பதற்காகவே வெட்டுகிற இடத்துக்குப் படி என்று பெயர் வைத்தால், சொல் ஒரு பக்கம் இழுக்கும், பொருள் மறுபக்கம் இழுக்கும். “நீர் படியாமல் இருக்கப் படி வெட்டவும்” என்று குறிப்பில் எழுதி, ஒரு பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தேன். அவன் இரண்டு தடவை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தான். ஐயா, வீட்டுப் படிக்கும் மாடிப் படிக்கும் அந்தச் சொல் சரி. தண்ணீருக்குப் பக்கத்தில் வந்தால் அதன் வினை விழித்துக்கொள்கிறது.

இழையில் வந்த ‘நீர்வெட்டு’ வேண்டாம். பத்திரிகையில் “நாளை நீர்வெட்டு” என்று வந்தால் வீட்டில் வாளி நிரப்புகிறோம். அந்தச் சொல் எப்போதோ வேலைக்குப் போய்விட்டது.

பௌதிகவியல் கற்பிக்கும் அக்கா தந்த ‘நீர்க்கழல்’ இந்த இழையிலேயே அழகான சொல். கழல்தல் என்பது மிகச் சரியான வினை. மேலே நானே “வால் கழண்டது” என்று எழுதியிருக்கிறேன், வேறு சொல் எனக்கு வரவில்லை. இரண்டு நாள் அதையே வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்த்தேன். எனக்குள்ள தடை இதுதான் அக்கா: கழல்வது தண்ணீர். வெட்டுக் கத்தியால் ரெஜிபோமில் நாம் உண்டாக்குவதோ ஓர் உருவம். கையால் தடவிப் பார்க்கும் உருவத்துக்கு ஒரு பெயர், அங்கே நடக்கும் நிகழ்ச்சிக்கு ஒரு பெயர் என்று இரண்டும் வேண்டியிருக்கிறது. உங்கள் சொல்லை நிகழ்ச்சிக்கு வைத்துக்கொள்வோம். பாயி (நீர், காற்று போல ஓடும் பொருள்) ஒன்று பரப்பை விட்டுப் பிரிவதை ‘கழல்வு’ என்றால், இறக்கையின் மேல் காற்று பிரிவதற்கும் அதே சொல் உதவும். விமானவியலில் அது இதைவிடப் பெரிய இடம்.

சரி, உருவத்துக்கு என்ன பெயர்? இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாவது விமானத்தை உலர்த்துவதற்காகத் திண்ணையில் கவிழ்த்து வைத்திருந்தேன். தோணி கட்டும் ஓடாவியார் ஒருவர் கதவு நிலை ஒன்று பார்க்க வீட்டுக்கு வந்தவர், அதைத் தூக்கி, அடியைப் பெருவிரலால் முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டே போனார். விரல் விளிம்பில் வந்து இறங்கியதும் நிறுத்தினார்.

“என்ன மனே, தோணிக்குக் குதி வைச்சிருக்கிறாய்? தண்ணி கழண்டு போறதுக்கோ?”

நான் ஒன்றும் விளக்கவில்லை. அவரே உருவத்தையும் சொன்னார், வேலையையும் சொன்னார். விமானத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். முன்பாதி பாதம், வெட்டு முடிகிற இடம் குதி.  விமானத்தின் முழுப் பாரமும் ஓடும்போது அந்த விளிம்பை அண்டிய சிறு இடத்தில்தான் நிற்கிறது, நாம் குதியூன்றி நிற்பதைப் போல. குதிகால் என்ற சொல் வாவிக்கரையிலும் தெரியும், தஞ்சாவூரிலும் தெரியும். இது சின்ன விஷயம் அல்ல. நாம் அமுக்கம் என்போம், அவர்கள் அழுத்தம் என்பார்கள். நாம் ஆர்முடுகல் என்போம், அவர்கள் முடுக்கம் என்பார்கள். பழைய சொற்களில் ஏற்கனவே இரண்டு கரை இருக்கிறது. புதிதாக வைக்கும் சொல்லிலாவது ஒரே கரையில் நிற்போமே.

குதி என்றால் ‘பாய்’ என்ற ஏவல் அல்லவா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் வரைபடத்திலும் சொற்பட்டியலிலும் ‘குதிவெட்டு’ என்று முழுதாக எழுதலாம். பேச்சில் குதி என்றாலே போதும். “குதியை இன்னும் 5 மில்லிமீற்றர் பின்னுக்கு எடு” என்று நேற்று ஒரு பிள்ளையிடம் சொன்னேன். அவன் குதிக்கவில்லை, அளவுகோலை எடுத்தான்.

அப்புறம், வேகம் பிடித்த விமானம் அந்த விளிம்பின் மேலேயே தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஓடும் நிலை இருக்கிறதே, அதைக் ‘குதியோட்டம்’ எனலாம். ‘சறுக்கல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தமிழில் சறுக்கினால் விழுந்ததாகவே பொருள். இங்கே விமானம் விழவில்லை, எழும்பப் போகிறது. குதியோட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்பு நீரின் இழுவை உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கும். வேகத்துக்கு எதிராக வரைபு கீறினால் மாட்டின் முதுகு போலத் தெரியும். அந்த உச்சத்துக்குத் ‘திமில்’ என்று பெயரிட விரும்புகிறேன். பழந்தமிழில் திமில் என்பது மீன்பிடிப் படகுக்கும் பெயர் என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம். “திமிலைத் தாண்டிட்டுது, இனி எழும்பும்” என்று சொல்லிப் பாருங்கள், நாவில் எவ்வளவு இயல்பாக வருகிறது.

இன்னும் ஒன்று. குதிக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடையில் உள்ள தூரம் பிசகினால், ஓடும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கும். ஆட்டம் கூடிக் கூடிக் கடைசியில் மூக்கைத் தண்ணீரில் குத்திவிடும். ஆங்கிலேயர் இதற்குக் கடற்பன்றியின் பெயரை வைத்திருக்கிறார்கள். நமக்கு ஓங்கில் (டொல்பின்) இருக்கிறது. ‘ஓங்கிலாட்டம்’. ஓங்குதலும் உள்ளே இருக்கிறது. என் விமானத்தில் இறக்கையின் அகலம் 200 மில்லிமீற்றர். ஈர்ப்பு மையத்தை முன்விளிம்பிலிருந்து 56 இல் வைத்து, குதியை அதற்கு 10 பின்னால் வைத்த பிறகு ஓங்கிலாட்டம் நின்றது.

கடல்விமானமா நீர்விமானமா என்ற கிளை விவாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. எங்களுடையது கடலைத் தொடுவதே இல்லை, வாவியில்தான் இறங்குகிறது. நீர்விமானம் என்றால் குளம், வாவி, கடல் எல்லாம் அடங்கும்.

கடைசியாக, விளையாட்டுச் சாமானுக்குக் கலைச்சொல் தேவையா என்று கேட்டவருக்கு. 1942 ஏப்ரல் 4 ஆம் திகதி, ஜப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருவதைக் கண்டு செய்தி அனுப்பியது காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலை வாவியிலிருந்து எழும்பிய கட்டலினா என்னும் நீர்விமானம். அதே கடற்படையின் விமானங்கள்தான் ஐந்து நாள் கழித்து மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அந்தக் கப்பல் இன்றும் நம் கடலடியில் கிடக்கிறது, சுழியோடிகள் போய்ப் பார்த்து வருகிறார்கள். அந்தக் கட்டலினாவின் வயிற்றிலும் இந்த வெட்டு இருந்தது. அந்தக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, விமானம் எப்படித் தண்ணீரை விட்டு எழும்பியது என்று ஒருவன் கேட்டால், தமிழிலேயே பதில் சொல்ல எனக்கு ஆசை. சொல்லாக்கம் நம் பக்கத்துக்குப் புதிய வேலையும் அல்ல. 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த விபுலானந்த அடிகள் காரைதீவில் பிறந்தவர்.

பிள்ளைகளுக்குக் கொடுப்பதற்காக விமானத்தின் வரைபடத்தை முழு அளவில், எட்டு ஏ4 தாளில் கீறிக்கொண்டிருக்கிறேன். உறுப்புகளின் பெயர் எல்லாவற்றையும் மையால் எழுதியாயிற்று. ஈர்ப்பு மையத்துக்கு 10 மில்லிமீற்றர் பின்னால் உள்ள கோட்டுக்குப் பக்கத்தில் மட்டும் ‘குதிவெட்டு’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதற்குள் எழுதுங்கள், அழித்துவிட்டு அதையே எழுதுகிறேன். பின்பாதி அடிக்கு இன்னும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை. கல்முனை ஐயா, அதற்கு உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?