திருவனந்தபுரத்தில் இறங்கி புளியரை போகணும்: அம்மா ஏர்போர்ட்டுக்கு வரட்டுமா, வேண்டாமா?

புளியரைக்காரன்:
சவூதியில் தமாமில் எலக்ட்ரீசியனாக இருக்கிறேன். நாலு வருஷத்துக்கு அப்புறம் இந்த ஐப்பசியில் லீவு கிடைத்திருக்கிறது.

அப்பா தவறிப் பதினாலு மாசம் ஆகிறது. அன்றைக்குக் கம்பெனியில் ஊர் போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீஎன்ட்ரி விசா போட்டுத் தரவில்லை, ஷட்டவுன் வேலை என்றார்கள். கொள்ளி வைத்தது தம்பி. நான் வீடியோ காலில் பார்த்தேன். போனைப் பிடித்திருந்த மச்சானுக்குக் கை நடுங்கியதில் பாதி நேரம் பந்தல் துணிதான் தெரிந்தது.

இப்போது அம்மா வேன் பேசி, பதினோரு பேரோடு ஏர்போர்ட்டுக்கு வருவேன் என்கிறாள். நாலு வருஷம் முன்னால் வழியனுப்ப அப்பாவும் அவளும்தான் வந்தார்கள். எனக்கு என்ன பயம் என்றால், சக்கை டெர்மினல் வாசலில் டிராலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்ததும் அத்தை ஒப்பாரியைத் தொடங்கிவிடுவாள். எங்கள் அத்தை தொடங்கினால் தெருவே நின்று கேட்கும். சுற்றிலும் மலையாளிக் குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தபடி நிற்பார்கள். அங்கே வைத்து நான் உடைந்துவிடுவேன். பேசாமல் தம்பானூரில் பஸ் ஏறித் தனியாக வந்துவிடவா? அது தப்பா?

இன்னொன்று. சாயங்காலம் ஐந்தரைக்கு இறங்க வேண்டிய விமானம், இப்போது இரவு பத்தேகால் என்று மெசேஜ் வந்திருக்கிறது. காரணம் எதுவும் சொல்லவில்லை.

களியக்காவிளை மக்கா:
காரணம் நான் சொல்கிறேன் மக்கா. அன்றைக்கு ஆறாட்டு. பத்மநாப சுவாமியைக் கடலில் நீராட்டச் சங்குமுகத்துக்குக் கொண்டு போகிற வழி ரன்வேக்குக் குறுக்கே போகிறது. விமான நிலையம் வந்ததே 1932-இல்தான், ஊர்வலம் அதற்கு எத்தனையோ காலம் முந்தியது. பங்குனியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று என்று வருஷத்துக்கு இரண்டு தடவை சாயங்காலம் ஒரு நாலைந்து மணி நேரம் ரன்வேயை மூடிவிடுவார்கள். சாமி குளித்துத் திரும்பின பிறகுதான் உன் விமானம் இறங்கும். ராத்திரி பத்தேகாலுக்கு இறங்கி, இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து நீ வெளியே வர பதினொன்றரை. அந்த நேரத்தில் மூட்டை முடிச்சோடு பஸ்ஸா? விடியும்வரை தம்பானூரில் கொசுக்கடியில் கிடக்க வேண்டியதுதான்.

நானும் ஒரு தடவை சொல்லாமல் தனியாக வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது. மொத்தப் பேரும் வேளாங்கண்ணி போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒன்றரை நாள் இருந்தேன், கொண்டு வந்த சாக்லெட்டில் பாதியை அந்த வீட்டுப் பிள்ளைகளே தின்று தீர்த்தன.

செங்கோட்டை வேன்:
இருபது வருஷமாக இந்த ரூட்டில் ஓட்டுகிறேன் தம்பி. பதினோரு பேர் வேண்டவே வேண்டாம். போகும்போது வேன் கல்யாண வீடு மாதிரி இருக்கும். திரும்பும்போது உங்கள் பெட்டிகளுக்கு இடமில்லாமல், யார் மடியில் எதை வைப்பது என்று சண்டை வரும். நெடுமங்காடு தாண்டிப் பாலோடு, மடத்தறை வளைவுகளில் நாலு பேராவது வாந்தி எடுப்பார்கள். எலுமிச்சம்பழம் எப்போதும் டேஷ்போர்டில் வைத்திருப்பேன்.

நான் பார்த்த வரைக்கும் வாசலில் அழுகிறவர்கள் குறைவு. வண்டியில் ஏறி முதல் அரை மணி நேரம் போனைப் பார்ப்பார்கள், சிம் வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். தென்மலை வரும்போது பேச்சு நின்றுவிடும். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை இருட்டில்கூடத் தலையைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஆரியங்காவு, கோட்டவாசல் கடந்து புளியரை இறக்கத்தில் நம் பக்கத்துக் காற்று அடிக்கும் பாருங்கள், அப்போதுதான். கண்ணாடியில் எனக்குத் தெரியும். பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிடுவேன். அன்றைக்கு அம்மா பக்கத்தில் இருந்தால் நல்லது.

பாறசாலைக்கு வாக்கப்பட்டவள்:
எங்க அப்பா மஸ்கட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தார். நான் வாசலுக்கு இந்தப் பக்கம் நின்றவள், அதனால் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் உங்கள் அழுகையைப் பற்றி மட்டும் யோசிக்கிறீர்கள் தம்பி. அம்மா உங்களைக் கூட்டிப் போக மட்டுமா வருகிறார்? நீங்களும் உங்கள் அப்பாவும் சேர்ந்து நின்றதை அவர் கடைசியாகப் பார்த்தது அந்த வாசலில்தானே. நீங்கள் உள்ளே போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் அங்கே எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன பேசினார்கள் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நாங்கள் விமானம் கிளம்புகிற சத்தம் கேட்கும்வரை நிற்போம். அது அப்பாவின் விமானம்தானா என்றுகூடத் தெரியாது. அப்புறம் சங்குமுகத்தில் போய் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைச் சாப்பிடுவோம். யாருக்கும் இறங்காது, ஆனாலும் அம்மா விடமாட்டாள்.

அவர் வரட்டும். அத்தையை வேண்டுமானால் வீட்டில் விளக்கேற்றி வைக்கச் சொல்லுங்கள். ஒப்பாரி அங்கே வைத்துக்கொள்ளலாம், அது அவர்கள் உரிமை.

புளியரைக்காரன்:
அக்கா, அவர்கள் அங்கே நின்றது பற்றி நான் கேட்டதே இல்லை. நேற்று டூட்டி முடிந்து போன் பண்ணினேன். நான் உள்ளே போன பிறகும் இரண்டு மணி நேரம் நின்றார்களாம். செக்யூரிட்டிக்காரர் ரெண்டு தடவை ஓரமாக நிற்கச் சொன்னாராம். அப்பா அவரிடம் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் ஏதோ பேசி சிநேகமாகி, பீடி வாங்கிக் குடித்தாராம். எனக்கு இது தெரியவே தெரியாது. சிரித்துக்கொண்டே சொன்னாள், அப்புறம் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிட்டாள்.

ஆறாட்டு என்றதும் அம்மாவுக்கு ஏக சந்தோஷம். மத்தியானமே கிளம்பி சாமி பார்த்துவிட்டு வருகிறார்களாம். பதினோரு பேர் மூன்று பேராகக் குறைந்தாச்சு. நாலாவதாகப் பெரியம்மா வந்தே தீருவேன் என்கிறாள், அவளுக்குத்தான் வாந்தி வரும்.

வேன் அண்ணாச்சி, உங்கள் வண்டிக்கு மேலே கேரியர் இருக்கிறதா? முப்பது கிலோ பெட்டி ஒன்று, கையில் ஒரு கம்பளி மூட்டை.